ஃபேன் தியரி கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்? கேம் ஆஃப் த்ரோன்ஸ் ரசிகர்களுக்குக் கொஞ்சம் கறாரான குறிப்புகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே ஸ்பாய்லர் நிறைய. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களையோ அவற்றிலிருந்து எடுத்த தொடரையோ இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள் என்றால் இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

கதை சொல்லாமல் விட்டதை ரசிகர்களே ஊகித்து விளக்குவதுதான் ஃபேன் தியரி. அதைக் கட்டுவது வெட்டி வேலை என்று நான் நினைக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் பாதி சுவையே அதில்தான். ஆனால் குறியீடு, தொன்மம், தீர்க்கதரிசனம் என்று அடுக்கிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். இது அதைப் போல இருக்கிறது என்பதையே ஆதாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். போல இருப்பது எதுவும் எதையும் நிரூபிக்காது. கதையே ஒரு கேள்வியை எழுப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் நகர்ந்திருக்கிறதா, உங்கள் தியரி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

தேறிய தியரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜான் ஸ்நோ வடநாட்டுப் பிரபு நெட் ஸ்டார்க்கின் மகன் இல்லை, நெட்டின் தங்கை லியானாவுக்கும் இளவரசன் ரேகருக்கும் பிறந்தவன் என்பது. முதல் நாவல் வந்தது 1996-இல். அடுத்த ஆண்டே வாசகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தொடரில் உறுதியானது 2016-இல், ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில். நடுவில் தொடரை எடுக்க வந்த பெனியாஃப், வைஸ் இருவரிடமும் மார்ட்டின் கேட்ட கேள்வியே ஜானின் அம்மா யார் என்பதுதான். சரியாகச் சொன்னதால்தான் வேலை நடந்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நீலநிற ரோஜாவை வைத்து என்று பலரும் சொல்வார்கள். ஹாரன்ஹால் போட்டியில் ரேகர் தன் மனைவியைத் தாண்டிப்போய் லியானாவின் மடியில் வைத்த நீல ரோஜா மாலை, பிறகு ரேகரின் தங்கை டெனேரிஸ் காணும் மாயக்காட்சியில் பனிச்சுவரின் (ஜான் காவல் காப்பதும் ஒரு பனிச்சுவரைத்தான்) இடுக்கில் பூத்திருக்கும் நீலப் பூ. அழகான குறியீடுதான், ஆனால் தியரி அதன்மேல் நிற்கவில்லை. அது நிற்பது கதையில் துருத்திக்கொண்டிருக்கும் சில கேள்விகள்மேல். சொன்ன சொல் தவறாத மனிதன் என்று ஊரே சொல்லும் நெட், வேறொரு பெண்ணிடம் பிள்ளை பெற்று வந்ததாகச் சொல்கிறான், அவள் பெயரை மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறான், கேட்டதற்கு மனைவி பயந்துபோகும் அளவுக்குக் கோபப்படுகிறான். ஏன்? அரசனும் செத்தாயிற்று, பட்டத்து இளவரசனும் செத்தாயிற்று, அப்போது அரச மெய்க்காவலர்களில் மூன்று பேர், அதிலும் தலைவனே, ஆளரவமற்ற மலைக்கணவாயில் ஒரு கோபுரத்தை உயிரைக் கொடுத்துக் காத்தார்கள். எதற்காக? சாகும்போது தங்கை வாங்கிக்கொண்ட சத்தியம் என்ன? பதினான்கு ஆண்டுகளாகத் தன் பொய்களோடு வாழ்வதாக நெட் நினைத்துக்கொள்கிறானே, அவை என்ன பொய்கள்? இந்த நான்கையும் ஒரே பதில் மூடுகிறது. ரோஜா அதற்கு மேல் வைத்த பூ, அவ்வளவுதான். பூவை மட்டும் பிடித்துக்கொண்டு தியரி கட்டக் கிளம்பினால் எந்த ஊர் மாலையையும் எந்த ஊர்க் கழுத்திலும் போடலாம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது அஸோர் அஹாய் விவகாரம். உப்புக்கும் புகைக்கும் நடுவே, சிவப்பு நட்சத்திரம் ரத்தம் சிந்தும்போது மறுபடி பிறந்து, கல்லிலிருந்து டிராகன்களை எழுப்புவான் என்று, நெருப்பில் எதிர்காலம் பார்க்கும் பெண் பூசாரி மெலிசாண்ட்ரே சொல்கிற மாவீரன். யார் அது? டெனேரிஸ் என்பார்கள், கணவனின் சிதைப் புகையில் எழுந்துவந்தவள், வானில் வால்நட்சத்திரம் வேறு. ஜான் என்பார்கள், அவன் குத்துப்பட்டபோது காயம் குளிரில் புகைந்தது, குத்தியவன் கண்ணில் உப்புநீர் இருந்தது, பக்கத்தில் செத்தவனின் சின்னம் நட்சத்திரம். அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸ் என்று மெலிசாண்ட்ரேவே சொல்கிறாள், அவன் கோட்டை எரிமலைத் தீவில், சுற்றிலும் கடல். ஜேமிக்கு ஒரு கட்சி, டேவோஸுக்கு ஒரு கட்சி. உப்பும் புகையும்தான் தகுதி என்றால் கருவாட்டைப் புகைபோட்டு எடுத்து வந்து அதற்கும் ஒரு சீட்டு கொடுக்கலாம். எல்லோருக்கும் பொருந்துகிற நிபந்தனை யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இவ்வளவு பொருத்தம் இருக்கிறதே என்று பட்டியல் போட்டுக் காட்டுவதற்கு முன்னால், அதே பட்டியலை வேறு மூன்று பேருக்குப் போட முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். முடிந்தால் நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தீர்க்கதரிசனத்தை எப்படிப் படிக்கக் கூடாது என்று நாவலே பாடம் எடுக்கிறது. ஐந்தாவது நாவலில் மெலிசாண்ட்ரே நெருப்பில் ஒரு பெண்ணைப் பார்க்கிறாள். சாம்பல்நிற உடை, சாகக்கிடக்கும் குதிரை, பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பி ஓடி வருகிறாள். உன் தங்கை ஆர்யாதான் என்று ஜானிடம் அடித்துச் சொல்கிறாள். குதிரையும் வந்தது, பெண்ணும் வந்தாள், கல்யாணத்துக்குப் பயந்து ஓடி வந்ததும் உண்மை. ஆனால் வந்தவள் ஆர்யா இல்லை, ஆலிஸ் கார்ஸ்டார்க். பார்த்தது அத்தனையும் சரி, பெயர் மட்டும் தப்பு. அஸோர் அஹாயைக் காட்டு என்று கடவுளிடம் வேண்டினால் எனக்கு ஸ்நோவைத்தான் காட்டுகிறார் என்று அவளே அலுத்துக்கொள்கிற இடத்தில் நாம் சிரிக்கிறோம், சிரித்துவிட்டு அடுத்த நிமிடமே அவள் செய்ததையே நாமும் செய்கிறோம். உலகையே ஆளப்போகிறான் என்று முதல் நாவலில் கிழவிகள் கட்டியம் கூறிய டெனேரிஸின் பிள்ளை பிறக்கும்போதே செத்துப் பிறந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். இந்த உலகத்தில் தீர்க்கதரிசனம் பொய்க்கலாம், ஆள் மாறலாம், நம்பியவனையே கெடுக்கலாம். அதைக் கணக்கில் எடுக்காத தியரி, கதை போட்ட விதியையே மீறுகிறது.

அடுத்தது தொன்மம். இங்கேதான் எனக்கு ரொம்ப எரிச்சல், ரொம்ப ஆசையும் இங்கேதான். நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்தில் டிர் என்ற தெய்வம் வலது கையை ஓநாயிடம் இழக்கிறது. அரச மெய்க்காவலன் ஜேமி லானிஸ்டரும் வலது கையை இழக்கிறான். ஆகவே ஜேமிதான் டிர், டிர் கடைசிப் போரில் கார்ம் என்ற வேட்டைநாயோடு மோதி இருவரும் சாகிறார்கள், ஆகவே ஜேமி ஹவுண்ட் (வேட்டைநாய்) என்று பட்டப்பெயர் கொண்ட வீரனோடு மோதிச் சாவான் என்று ஒரு கணக்கு. தொடரில் ஜேமி இடிந்து விழுந்த கற்களுக்கு அடியில் செத்தான், நாவலில் என்ன ஆவானோ, அது இருக்கட்டும். இந்தக் கணக்கு தப்பு என்பதைவிட, இதில் நல்ல விஷயம் ஒன்று கைநழுவிப்போகிறது என்பதுதான் என் வருத்தம்.

டிர் கதையைப் பாருங்கள். ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டிப்போட தெய்வங்கள் ஒரு கயிறு கொண்டுவருகின்றன, சும்மா விளையாட்டுக்கு, பிறகு அவிழ்த்துவிடுவோம் என்கின்றன. ஓநாய் நம்பவில்லை, யாராவது என் வாயில் கையை வைத்தால்தான் கட்டவிடுவேன் என்கிறது. அவிழ்க்கப்போவதில்லை என்று தெரிந்தே டிர் கையை வைக்கிறான். அந்தக் கை ஒரு பொய்ச் சத்தியத்துக்குப் பிணை. எல்லோரையும் காப்பாற்ற அவன் தானாகக் கொடுத்த விலை. ஜேமியின் கை அப்படிப் போகவில்லை. கூலிப்படைக்காரர்கள் பிடித்துவைத்து வெட்டுகிறார்கள், அவன் அலறுகிறான். சத்தியம் மீறியவன் என்று பெயர் எடுத்தவனும் அவன்தான், அரசனைக் கொன்ற கையும் அதே கைதான். கை போன பிறகுதான் நெட்டின் மனைவி கேட்லினுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு ஒழுங்காக வருகிறது. அங்கே பொய்ச் சத்தியத்துக்காகக் கை போனது, இங்கே கை போனதால் சத்தியம் பிழைக்கிறது. மார்ட்டின் இதை நினைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாட்டில்தான் ஜேமி துலங்குகிறான். ஒற்றுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்து என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்க ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

நம்மவர்கள் செய்வது இன்னொரு வகை. ஜான்தான் கர்ணன், நெருப்பிலிருந்து வந்ததால் டெனேரிஸ் திரௌபதி, ஆகவே மார்ட்டின் மகாபாரதத்தை எடுத்துக்கொண்டார் என்று ஒரே போடு. பிறப்பு மறைக்கப்பட்டு வேறு வீட்டில் வளரும் ராஜகுமாரன் ஆர்தர் கதையில் உண்டு, ஈடிபஸ் கதையில் உண்டு, பாரசீக மன்னன் சைரஸைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியதிலும் உண்டு. உலகம் முழுக்கக் கிடைக்கிற சரக்குக்கு நாம் மட்டும் ரசீது காட்ட முடியாது. மார்ட்டின் தன் மூலங்களை ஒளித்துவைக்கிறவரும் இல்லை. இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள், 1981-இல் ஏறி நின்று பார்த்த ஹாட்ரியன் சுவர், ரத்தக் கல்யாணத்துக்கு (கல்யாண விருந்தில் விருந்தாளிகளையே கொல்லும் கட்டம்) ஸ்காட்லாந்தில் 1440-இல் நடந்த கறுப்பு விருந்தும் 1692-இல் நடந்த கிளென்கோ படுகொலையும், மோரிஸ் த்ருவோனின் பிரெஞ்சு வரலாற்று நாவல்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒப்பிட்டுப் படிப்பது தாராளமாகச் செய்யலாம், கர்ணனையும் ஜானையும் பற்றி நல்ல கட்டுரையே எழுதலாம். எடுத்துக்கொண்டார் என்று சொல்வதற்கு மட்டும் வேறு ஆதாரம் வேண்டும்.

ஆசிரியரின் கைப்பிழையைத் துப்பு என்று நினைப்பது அடுத்த வியாதி. நெட்டின் மூத்த மகன் ராப் கல்யாணம் செய்த ஜெயின் வெஸ்டர்லிங்கைப் பார்த்த கேட்லின், நல்ல இடுப்பு, பிள்ளை பெறுவாள் என்று நினைக்கிறாள். அடுத்த நாவலில் ஜேமி பார்க்கும்போது அவளுக்கு ஒடுங்கிய இடுப்பு. போதாதா? ஆள் மாறாட்டம், உண்மையான ஜெயின் ராப்பின் வாரிசைச் சுமந்துகொண்டு தப்பிவிட்டாள் என்று கோட்டையே கட்டினார்கள். கடைசியில் அது வெறும் பிழை. ஒரு குதிரைக்கு ஒரு புத்தகத்தில் ஒரு பாலும் இன்னொன்றில் வேறு பாலும் வந்துவிட்டதை மார்ட்டினே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் எல்லா முரணும் பிழை இல்லை. பிளாக்வாட்டர் போர் நடந்த இரவில் ஹவுண்ட் நெட்டின் மகள் சான்சாவின் அறைக்கு வருகிறான், கழுத்தில் கத்தியை வைத்துப் பாடச் சொல்கிறான், போய்விடுகிறான். முத்தம் கிடையாது. பின்னால் வரும் நாவல்களில் அவன் முத்தமிட்டதாக சான்சா நினைத்துக்கொள்கிறாள். இது வேண்டுமென்றே எழுதியது என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? இடுப்பு விஷயத்தைக் கதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்தம் ஒரே ஆளின் நினைவில் மறுபடி மறுபடி வருகிறது. கதை எங்கே திரும்பத் திரும்ப நிற்கிறதோ அங்கே தோண்டுங்கள்.

குறியீட்டுக்கும் இதே அளவுகோல்தான். முதல் நாவலின் தொடக்கத்திலேயே செத்துக் கிடக்கும் டயர்வுல்ஃப் என்ற பெரிய பெண் ஓநாயின் தொண்டையில் கலைமான் கொம்பு குத்தியிருக்கிறது. ஸ்டார்க் குடும்பத்தின் சின்னம் டயர்வுல்ஃப், அரசன் ராபர்ட்டின் குடும்பச் சின்னம் கலைமான். அதைப் பார்த்ததும் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இதற்குமேல் ஓர் எழுத்தாளர் என்ன செய்ய வேண்டும், மணி அடிக்க வேண்டுமா? அடுத்து அரசனே ஸ்டார்க்குகளின் கோட்டையான வின்டர்ஃபெல்லுக்கு வருகிறான், குடும்பம் சிதறுகிறது. பாத்திரங்களே கவனித்து அஞ்சும் குறியீடு அது. விருந்தில் பரிமாறிய பழத்தின் நிறத்திலிருந்து வாரிசுரிமைச் சிக்கலைக் கண்டுபிடிப்பது வேறு சமாச்சாரம்.

தொடரையும் நாவலையும் கலந்து குழப்புவதைப் பற்றிச் சுருக்கமாக. தொடரில் பிணப்படைக்குத் தலைவனாக வரும் நைட் கிங் நாவலில் இல்லை. நாவலில் கிட்டத்தட்ட அதே பெயரில் இருப்பவன் சுவர்க்காவல் படையின் பதின்மூன்றாவது தளபதி, பழங்கதைகளில் மட்டும் வருகிற ஆள், அவன் இன்னும் உயிரோடிருக்க வாய்ப்பு குறைவு என்று மார்ட்டினும் சொல்லிவிட்டார். அதேபோல அரசி செர்சியை அவள் தம்பி கழுத்தை நெரித்துக் கொல்வான் என்ற குறி நாவலில் உண்டு, 2015-இல் வந்த ஐந்தாவது சீசன் அந்தப் பகுதியை விட்டுவிட்டது. பிறகு தொடரில் அது ஏன் நிறைவேறவில்லை என்று சண்டை போட்டவர்களை என்ன சொல்ல!

எல்லா முடிச்சுக்கும் விடை உண்டு என்று நம்புவதும் தவறுதான். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் அதில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை விடை தெரியாத புதிராக வேண்டுமென்றே விட்டுவைத்தார், கடிதத்தில் அப்படியே எழுதினார், இன்றுவரை அவன் யார் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மோதிரம் என்றால் அணுகுண்டு என்று சொன்னவர்களுக்கும் அவர் தன் நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் பதில் சொல்லியிருக்கிறார்: உருவகக் கதை தனக்குப் பிடிக்காது, வாசகர் தம் அனுபவத்தோடு பொருத்திப் பார்த்துக்கொள்வது வேறு, ஆசிரியர் திணிப்பது வேறு என்று.

கடைசியாக, ஆசிரியர் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டார், ஆகவே முதல் நாவலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் முடிவைச் சொல்கிறது என்கிற நம்பிக்கை. 1993-இல் மார்ட்டின் தன் ஏஜென்ட்டுக்கு எழுதிய கடிதம் 2015-இல் வெளியே வந்தது. அதில் இது மூன்றே நாவல். ஜானுக்கும் ஆர்யாவுக்கும் காதல். ராப் போர்க்களத்தில் சாகிறான். தனக்கு முன்னால் இருக்கும் வாரிசுகளையெல்லாம் கொன்றுவிட்டு ஜேமி அரியணை ஏறுகிறான், பழியைத் தன் தம்பி டிரியன்மேல் போடுகிறான். வின்டர்ஃபெல்லை முற்றுகையிட்டு எரிப்பதும் டிரியன்தான். வின்டர்ஃபெல் எரிந்தது உண்மை, இரண்டாவது நாவலிலேயே எரிந்தது. ஆனால் தீ வைத்தவர்கள் துரோகி ராம்சேயின் ஆட்கள். டிரியன் அப்போது வெகுதூரம் தெற்கே, தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கில்.