முருகைக்கல் சுவருக்குச் சீமெந்து பூசாதேங்கோ

எங்கட அம்மம்மா வீடு யாழ்ப்பாணத்துப் பாசையூரில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. சண்டை முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது விறாந்தைச் சுவரில் பழைய பூச்சு பல இடங்களில் கழன்று முருகைக்கல், அதாவது கடலில் விளைகிற பவளக் கல், தெரிந்தது. ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்து, காசைப் பார்க்காமல் நல்ல சீமெந்துப் பூச்சாகப் பூசுவித்தோம். இரண்டு மாரிதான். நிலத்தில் இருந்து இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் போலப் பொங்கிவிட்டது. அதைக் கழற்றினால் உள்ளே கல்லே மாவாகிக் கொட்டியது. மூன்று தலைமுறை நின்ற சுவர். அன்றைக்கு நான் அழுதேன்.

பிறகு வயது போன மேசன் ஐயா ஒருவரோடு சேர்ந்து அந்தச் சுவரைத் திருத்தினேன். அவரிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கட சுவர் என்ன கல் என்று பாருங்கோ. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் பாறையின் மேல்தான் இருக்கிறது. கிணறு வெட்டினால் வருகிற அந்த வெள்ளைக் கல் பாரமானது, உடைந்த முகத்தில் சிப்பி அடையாளம் இருக்கும். கரையோர வீடுகளில் முருகைக்கல் கலந்திருக்கும். அது கையில் எடுத்தால் பாரம் குறைவு, முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கிப் பதித்தது போல இருக்கும். ஒவ்வொரு பூவும் ஒரு உயிர் இருந்த வீடு. இரண்டிலும் தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டால் நுரைக்கும்.

பார்த்துப் பழக யாழ்ப்பாணக் கோட்டையை விட நல்ல இடம் இல்லை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். மதிலோரமாக மெதுவாக நடந்தால் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் பக்கம் பக்கமாக, சுண்ணாம்புச் சாந்தில் இருப்பதைக் காணலாம். உள்ளே 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் 1990 சண்டையில் இடிந்துபோனது. அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும்.

சீமெந்து ஏன் கூடாது? நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் மேலே ஏறும், உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியே போய்விடும். சீமெந்து வழியை அடைத்துவிடும். அடைபட்ட உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லின் துவாரங்களுக்குள்ளேயே பளிங்காகிப் பருத்து, கல்லை உடைக்கும். எங்கட வீட்டில் நடந்தது அதுதான்.

ஆகவே முதல் வேலை சீமெந்தைக் கழற்றுவது. உளியும் சின்னச் சுத்தியலும் போதும். மெசின் கொண்டுவர விடாதேங்கோ, அதிர்ச்சியில் நல்ல கல்லும் கழரும். வெளியில் தெரியும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கோ. தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பழைய பேப்பரை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு விரல் தடிப்பில் சுவரில் அப்பி, காய்ந்தபின் உரித்தெடுங்கோ. ஈரம் காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடும். நாங்கள் நான்கு தரம் செய்தோம். நான்காவது தரம்தான் உரித்த பேப்பரில் வெள்ளைப் படிவு இல்லாமல் வந்தது.

இனிச் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக்கல் கிடைத்தால் அதையே எடுங்கோ. நீற்றும்போது, அதாவது தண்ணீரில் கரைய விடும்போது, கல்லைத் தண்ணீருக்குள் போடவேணும், கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகாதேங்கோ, பிள்ளைகளைத் தூர வையுங்கோ. நீறியதை அரித்து, மேலே தண்ணீர் நிற்க மூடி வையுங்கோ. ஒரு மாதம் குறைந்தபட்சம், மூன்று மாதம் என்றால் நல்லது. எங்களுடையது ஒன்றரை மாதத்தில் கட்டித் தயிர் போல வந்தது. ஐயா சாந்தகப்பையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை. 'இப்ப பூசலாம் பிள்ளை' என்றார்.

சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடல் மணல் வேண்டாம், உப்பை நாங்களே உள்ளே வைத்துப் பூசியது போலாகும். ஐயா பனங்கட்டி கரைத்த தண்ணீர் கொஞ்சம் விடுவார். இனிப்பு சேர்ந்தால் சுண்ணாம்பு கூடக் கரையும், சாந்தும் இழுபட்டு வரும். ஆனால் அளவு மிஞ்சினால் இறுக நாள் எடுக்கும்.

விழுந்த கல்லுக்குப் பதில் கல் தேடிக் கடலுக்குப் போகாதேங்கோ. முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம், கடலுக்குள் இருக்கிற பவளப் பாரும் அழியும். வளவில் இடிந்த பழைய மதில் இருந்தால் அந்தக் கல்லே போதும், எங்களுக்குக் கிணற்றடிக் கல் உதவியது. கோயில், பழைய மடம் போன்றவற்றில் கை வைக்க முன்னம் தொல்லியல் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கோ.

மாரி முடிந்து தை, மாசியில் பூசுங்கோ. சுவரை முதல் நாளே நனைத்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் முதல் பூச்சு. ஒரு கிழமைக்கு ஈரச் சாக்கு தொங்கவிட்டு, பிறகு இரண்டாவது. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமிலவாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகிறது, அதற்கு ஈரமும் நாளும் வேணும். வெயிலில் விறைக்கக் காய்ந்தால் தூளாய்ப் போகும்.

கடைசியாக வெள்ளை அடிப்பது. எமல்ஷன் பெயின்ற் அடித்தால் இவ்வளவு பாடும் வீண், அதுவும் சுவரை அடைக்கும். சுண்ணாம்பைப் பால் போலத் தண்ணியாகக் கரைத்து நாலு தரம் அடியுங்கோ. அடிக்கும்போது வெள்ளையே தெரியாது, சுவர் நனைந்தது போலத்தான் இருக்கும். பயந்து கெட்டியாக்காதேங்கோ. எங்கட விறாந்தை அடுத்த நாள் காலை பத்து மணிக்குத்தான் வெளுத்தது.