கார்புரேட்டர் போய்விட்டது, பழக்கம் போகவில்லை

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டே வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாம். அம்பாசடர், பத்மினி காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஏற்றமா இறக்கமா என்பதெல்லாம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குத் தெரியாது. எஞ்சின் சுற்றுகிற வரை பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் சுற்று குறைந்தது, செலவும் குறைந்தது.

பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை முழுக்க எடுத்தால், இப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கண்டுபிடித்து இன்ஜெக்டரை மூடிவிடும். ஒரு சொட்டு இறங்காது. வேகம் குறைந்து ஆர்.பி.எம். ஐட்லிங் அளவை நெருங்கும்போதுதான் மறுபடி திறக்கும். சில வண்டிகளில் அந்த நொடியில் லேசாக முன்னே தள்ளுவதை உணர முடியும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க பெட்ரோல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செய்வதே செலவு.

செலவைவிடப் பெரிய விஷயம் பிரேக். எஞ்சினின் பிடி இல்லாததால் மொத்த பாரமும் பிரேக்கில் விழுகிறது. பிரேக் பேட் சூடேறி, கருகல் வாடை வந்து, மிதித்தாலும் சரியாகப் பிடிக்காத நிலை வரும். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு பவர் ஸ்டியரிங்கும் போய், இரண்டு மூன்று மிதிக்குள், மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டரும் போய்விடும். லேசான சரிவில் நியூட்ரலில் இன்னும் கொஞ்ச தூரம் உருளலாம், மறுக்கவில்லை. அதற்காக வண்டியின் பிடியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சமதரையிலும் இதே வித்தை உதவும். தூரத்தில் சிவப்பு விழுந்ததைப் பார்த்ததும் காலை எடுத்து கியரிலேயே விட்டுவிடுங்கள். சிக்னல் வரை முறுக்கிக்கொண்டு போய் பிரேக் அடிப்பவர் அந்தப் பெட்ரோலை பிரேக் பேடில் சூடாக்கித் தீர்க்கிறார்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குள் காபி குடித்துவிட்டு வருவதும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப சோக் இழுத்த காலத்துப் பழக்கம்தான். நம் ஊர் வெயிலுக்கு அரை நிமிடம் போதும். அப்புறம் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் சரி. சூரியன் உதிக்கும் முன் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் விட்டுவிடுங்கள். பங்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலையும் மதியமும் சூடு பெரிதாக மாறாது. ஆட்டோ கட் ஆன பிறகு ‘ரவுண்ட் ஆக்கு’ என்று ஊற்றச் சொல்வதும் வேண்டாம். ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே புகுந்துவிடும்.

டயர் காற்றுதான் செலவில்லாத வைத்தியம், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பங்கில் “எவ்வளவு சார்?” என்று கேட்டால் முப்பதோ முப்பத்தைந்தோ வாயில் வந்ததைச் சொல்கிறோம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் காருக்கான அளவல்ல. ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்து சூடான டயரில் அளந்தால் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். வீட்டுக்கு அருகில் உள்ள பங்கிலேயே, கிளம்பியதுமே, டயர் சூடாகும் முன் பார்த்துவிடுங்கள். ரேடியல் டயர் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் காற்று குறைந்திருக்கலாம். காசு கொடுத்து நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் ஏறும் என்பார்கள்; சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவு சரியாக இருப்பதுதான் முக்கியம்.

மைலேஜை டேஷ்போர்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேங்கை ஆட்டோ கட் வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அந்த லிட்டரால் வகுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதன் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜில் வரும் சின்னச் சரிவு உங்கள் காலின் குற்றமல்ல.

சரிவு அதைவிடப் பெரிதாக இருந்தால் பிரேக் எங்காவது ஒட்டுகிறதா என்று பாருங்கள். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி வந்து நிறுத்தியதும், டிஸ்க்கைத் தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கேதான் உரசல். மெக்கானிக்கிடம் ‘மைலேஜ் தரவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ஏர் ஃபில்டரில் இருந்து ஆரம்பிப்பார். ‘முன் இடது சக்கரம் சூடாகிறது’ என்று சொல்லுங்கள். பல நேரம், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பரின் பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைப்பதோடு வேலை முடிந்துவிடும்.