பேச்சு வராத குழந்தைக்கு டேப்லெட்டில் பேச்சுப் பலகை அமைப்பது எப்படி?

படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக்காட்டும் செயலிகள், ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றால் வாய்ப்பேச்சு வராத குழந்தைகளுக்குப் பெரிய துணை. "இதைக் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ?" என்று பெற்றோர் பயப்படுவது வழக்கம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சில குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு சற்றுக் கூடவும் செய்கிறது.

படி 1: கருவியும் செயலியும்

10 அங்குலத் திரை நல்லது. 7 அங்குலத்தில் கட்டங்கள் சிறுத்து, விரல் பக்கத்துப் படத்தில் படும். கைப்பிடி வைத்த ரப்பர் உறை போடுங்கள். யூடியூப், விளையாட்டு எதுவும் இதில் வேண்டாம். இருந்தால், அடம் பிடிக்கும்போது டேப்லெட்டைப் பிடுங்கி வைப்போம். அது குழந்தையின் வாயைப் பொத்துவதுதான்.

சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இயங்கும், கட்டணம் உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயில் உருவான ஜெல்லோ, ஆண்ட்ராய்டுக்கான லெட்மீடாக் ஆகியவை இருக்கின்றன. எதை எடுத்தாலும், சொந்தப் படமும் சொந்தச் சொல்லும் சேர்க்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 2: தமிழ்க் குரல்

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடி, கூகுள் குரலைத் தேர்ந்து, தமிழ்க் குரல் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு படத்தைத் தொட்டுப் பாருங்கள். வீட்டு வைஃபையில் நன்றாகப் பேசிய பலகை பேருந்தில் ஊமையாகிவிடுவது பெரும்பாலும் குரல் தரவு இறங்காததால்தான்.

'வேண்டும்' என்று தட்டச்சு செய்தால் செய்தி வாசிப்பதுபோல் ஒலிக்கும். 'வேணும்', 'தண்ணி', 'போலாம்' என்று வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள்.

படி 3: கட்டங்களை அடுக்குதல்

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். ஆங்கிலப் பலகைகளில் வினைச்சொல் இடப்பக்கம், பொருள்கள் வலப்பக்கம் இருக்கும். தமிழில் 'நான் தண்ணி குடிக்கணும்' என்று வினை கடைசியில் வருவதால் ஆட்கள் இடப்பக்கம், பொருள்கள் நடுவில், வினைகள் வலப்பக்கம் என்று மாற்றுங்கள். கை இடமிருந்து வலம் போனாலே வாக்கியம் அமைந்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு 20 கட்டங்கள் (5 வரிசை, 4 நிரல்) வைத்து, முதலில் எட்டை மட்டும் தெரியவிட்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். எட்டே கட்டங்கள் கொண்ட பக்கத்தில் தொடங்கிப் பின்னால் இருபதாக்கினால் எல்லாச் சொல்லும் இடம் மாறும். குழந்தையின் விரல் படத்தைத் தேடுவதில்லை, இடத்தை நினைவில் வைத்துத்தான் போகிறது. அழகுக்காக அடுக்கை மாற்றினால் பல வார உழைப்பு வீண்.

வேணும், வேண்டாம், இன்னும், போதும், உதவி, வா ஆகியவற்றோடு குழந்தைக்கு உயிரான இரண்டு பொருள்கள் முதல் எட்டுக்குப் போதும். 'வேண்டாம்' கட்டாயம் வேண்டும். பெரியவர்கள் அதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பொருள்களுக்கு வீட்டு டம்ளர், வீட்டுப் பந்து என்று வெறும் பின்னணியில் எடுத்த புகைப்படமே நல்லது.

படி 4: பூட்டும் தொடுகையும்

செயலியை விட்டு வெளியே போகாதபடி ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபேடில் 'கைடட் அக்சஸ்' போடுங்கள். கை நடுங்கும் குழந்தைக்கு ஐபேடின் 'டச் அகாமடேஷன்ஸ்' பகுதியில் 'ஹோல்ட் டியூரேஷன்' (விரல் எவ்வளவு நேரம் பட்டால் தொடுகையாக எடுத்துக்கொள்ளும் என்பது) அரை நொடி வைத்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

படி 5: முதலில் நீங்கள் பேசுங்கள்

குழந்தையைத் தொடச்சொல்லாதீர்கள். தண்ணீர் கொடுக்கும்போது "தண்ணி வேணுமா?" என்று கேட்டபடியே அந்த இரண்டு படங்களையும் நீங்களே தொடுங்கள். பிறகு பத்து நொடி பேசாமல் காத்திருங்கள். கையைப் பிடித்து அழுத்தவைத்தால், யாராவது கையைப் பிடிக்கட்டும் என்றுதான் காத்திருக்கும். "பந்து எங்கே, காட்டு" என்று பரீட்சையும் வைக்காதீர்கள்.

ஒரே பொத்தானை நாற்பது தடவை அமுக்கினால் எரிச்சல் வரும்தான். கைக்குழந்தையின் மழலைபோல எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்: 'இன்னும்' என்றால் இன்னொரு தடவை ஊஞ்சலை ஆட்டுங்கள்.

சார்ஜ் தீர்ந்தால், குளிக்கும்போது என்றால்? அதே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஏ4 தாளில் அச்சிட்டு லேமினேட் செய்து, ஒன்றைப் பள்ளிப்பையிலும் ஒன்றைக் குளியலறையிலும் மாட்டிவையுங்கள். புதுச்சொல் சேர்க்கும்போது தாளையும் மாற்றுங்கள்.