வீட்டு ஸ்டுடியோவில் புதுப் பாட்டைப் பதிவு செய்ய

முதலில் பாட்டின் வேகத்தையும் சுருதியையும் முடிவு செய்யுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) ஓடவிட்டு, கிட்டாரும் குரலுமாக ஒரு வழிகாட்டி டிராக் எடுங்கள். கடைசியில் அதை நீக்கிவிடுவோம் என்பதால் பிசிறு இருந்தாலும் பரவாயில்லை. பதிவுத் தரத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும்.

கிட்டாருக்கு மைக்கை 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்திலுள்ள உலோகக் கோடு) நேராக ஓர் அடி தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) பொங்கிக் குரலை மூழ்கடிக்கும்.

குரல்தான் பாட்டின் உயிர். நேரத்தை இங்கே செலவழியுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர் (‘ப’ போன்ற எழுத்துகளில் வீசும் காற்றைத் தடுக்கும் வலை). கனமான போர்வையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் கேட்கும், பாடுபவருக்குப் பின்னாலுள்ள சுவரின் எதிரொலி நேராக அதில் விழும். இருப்பதிலேயே உரத்த வரியைப் பாடச் சொல்லி, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியை எவ்வளவு கூட்டுவது என்ற அளவு) வையுங்கள். 0 டெசிபலைத் தாண்டி உடைந்த ஒலியைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. காதை மூடும் ஹெட்ஃபோன் அவசியம், இல்லையேல் மெட்ரோனோம் சத்தம் மைக்கில் கசியும். தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்றால் பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவு) மென்பொருள் அமைப்பில் 128 அல்லது 64 சாம்பிளுக்கு இறக்குங்கள். அப்போது படபடவென்று வெடிப்புச் சத்தம் வந்தால் கணினி திணறுகிறது, பிளகின்களை (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) அணையுங்கள்.

முழுப் பாட்டாக 3, 4 டேக் எடுத்து, நல்ல வரிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். வெட்டு மூச்சுக்குச் சற்று முன்னால் விழட்டும்.