முதுமையில் புற்றுநோய்: சிகிச்சையை முடிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எண்பது வயசாச்சு, இனி எதுக்குச் சிகிச்சை?” என்று விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. “என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் பண்ணிடுங்க” என்று கையெழுத்துப் போடும் குடும்பங்களும் உண்டு. அந்த முதியவரின் உடல் எதைத் தாங்கும் என்பதை இரு தரப்பும் பார்ப்பதில்லை.

வயதைவிட முக்கியம், அவர் தானே குளிக்கிறாரா, மாத்திரைகளை மறக்காமல் எடுக்கிறாரா, கடந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்தாரா, எடை குறைந்திருக்கிறதா என்பதுதான். இவற்றோடு நினைவாற்றல், மனநிலை, வேறு நோய்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது முதியோர் முழுமதிப்பீடு. குணமாக்க முடியாத கட்டத்தில் இருந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 718 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. மதிப்பீட்டு விவரம் மருத்துவர் கைக்குப் போன குழுவில் 51 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது; போகாத குழுவில் 71 சதவீதம். ஓராண்டு வரை உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே கீமோ தேதி குறிப்பதற்கு முன்பே இந்த மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் ‘கிரியாட்டினின் நார்மல்’ என்ற வரியை அப்படியே நம்புவதும் ஆபத்து. தசை கரைந்த உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உருவாகும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் சரியாகத் தெரியும். வயது, எடை சேர்த்துக் கணக்கிட்ட, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். கேபசிடபின் என்ற கீமோ மாத்திரைக்கு அந்த அளவு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் டோஸைக் குறைக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் பொதுவாகக் கொடுப்பதில்லை.

முழு டோஸ் கொடுத்தால்தான் பலன் என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. முற்றிய உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயுள்ள தளர்ந்த முதியவர்களிடம், வழக்கமான அளவில் 60 சதவீதம் கொடுத்தே நோயை ஏறக்குறைய அதே காலம் கட்டுப்படுத்த முடிந்தது, அவஸ்தையும் குறைந்தது. குணமாக்கும் நோக்கத்தோடு தரும் சிகிச்சைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது.

பலரும் ஏமாறுவது ஒரு சொல்லில்: ‘மருந்து கேட்கிறது.’ ஸ்கேனில் கட்டி சுருங்கியது என்பதே அதன் பொருள். ஆயுள் கூடும் என்றோ, உடம்பு தேறும் என்றோ அதற்குப் பொருளில்லை. நோக்கம் குணமாக்குவதா, காலத்தை நீட்டுவதா, தொல்லையைக் குறைப்பதா? நீட்டுவதென்றால் வாரக்கணக்கா, மாதக்கணக்கா? நன்றாகப் போனால், மோசமாகப் போனால், பெரும்பாலும் நடப்பது என மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கழியும் என்பதையும் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நோயாளியிடமே மறைப்பது. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் அவர் எதை இழக்கத் தயாரில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. கடும் நோயுள்ள 60 வயதும் அதற்கு மேலும் ஆன 226 பேரிடம் 2002இல் வெளியான ஆய்வொன்றில் கேட்டார்கள். பிழைத்தாலும் அறிவு மங்கிவிடும் என்றால் அந்தச் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் சுமார் 89 சதவீதம். “தானே நடப்பது, தெளிவாக இருப்பது, வீட்டில் இருப்பது, இன்னும் சில மாதம் இருப்பது: இதில் எது முதலில்?” என்று அவரிடமே கேளுங்கள். பதில் மாறலாம், மறுபடியும் கேளுங்கள்.

வலியையும் மற்றத் தொல்லைகளையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சையைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டாம். பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தது.

தொடங்கிவிட்டால் நிறுத்தக் கூடாது என்றும் இல்லை. இரண்டு சுற்று பார்ப்போம் என்று முன்கூட்டியே பேசி, எது நடந்தால் நிறுத்துவது என்பதை எழுதி வையுங்கள்: படுக்கையை விட்டு எழ முடியாமல் போவது, எடை தொடர்ந்து இறங்குவது, ஸ்கேனில் நோய் வளர்வது. கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமித்தொற்று வரும். திடீர்க் குழப்பமோ சோர்வோ தெரிந்தாலும் அதே அவசரம்தான்.