ஏற்காட்டுக் குளிரில் காப்பிக் கொட்டையின் பசை கழலாமல் நின்றால்

சேலத்தில் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும்; அதே மாவு மார்கழி மாதத்து ஏற்காட்டில் மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், தன் தோட்டத்துக் காப்பிப் பழத்தை முதன்முறையாகத் தானே தோல் நீக்கி, நொதிக்க வைத்துக் கழுவ முனைகிறவருக்கும் இதே சிக்கல்தான் வருகிறது.

பழத்தோலை உரிக்கும் எந்திரமான பல்ப்பரில் தோல் நீங்கிய கொட்டையின் மேலோட்டில் வழவழப்பான பசை ஒட்டியிருக்கும். பெக்டினும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பசை வெறும் நீரில் அலசினால் போகாது; பழத்தோடு வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும், பழத்திலேயே உள்ள நொதிகளும் அதை உடைத்த பிறகே கழலும். அரபிகா வகைக் காப்பிக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அது தொட்டி நிறையக் கொட்டை கிடக்கும் தோட்டத்துக்குப் பொருந்துகிற கணக்கு. இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில், அரை டிரம் கொட்டைக்கு 48 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே 36 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காகவே நொதிப்பு நின்றுவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம்.

கடிகாரத்தை விடக் கையை நம்புவதே நல்லது. குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் டிரம்மின் ஓரத்திலிருந்தும் தனித்தனியே ஒரு பிடி எடுத்து, நீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறுக்கிய வெண்டைக்காயைப் போல வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. பொடிக்கல்லைத் தேய்ப்பதைப் போலக் கரகரவென்று உரசினால் ஆகிவிட்டது. ஒரு குச்சியைக் குவியலில் நேராகச் செருகி உருவும்போது குழி மூடாமல் நின்றால், அதுவும் பசை கழன்றதற்கு அடையாளம். நடுவில் கரகரத்து ஓரத்தில் வழுக்கினால் நொதிப்பு நிற்கவில்லை, ஓரத்தைக் குளிர் பிடித்திருக்கிறது என்று பொருள். நன்றாகக் கிளறிவிட்டு மூடினால் போதும்.

எல்லா இடத்திலும் வழுக்கினால் முதலில் குளிரைத்தான் ஐயப்பட வேண்டும். நான் முதல் ஆண்டு 40 கிலோ பழத்தைத் தோல் நீக்கி, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வெளித்திண்ணையில் வைத்தேன். மறுநாள் காலை கொட்டை சில்லென்று இருந்தது. கழன்றுவிடும் என்று எண்ணி இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினேன். அதுதான் பெரும் பிழை. சிறிய குவியல் தனக்குள் உண்டாகும் வெப்பத்தைக் காத்துக்கொள்ளாது. அதன்மேல் குளிர்ந்த நீரையும் ஊற்றினால், இருந்த சிறிது வெப்பமும் போய், நுண்ணுயிர்களுக்கு உணவான சர்க்கரையும் நீர்த்துவிடும்.

சரிசெய்ய, டிரம்மில் தேங்கிய நீரை முழுவதும் வடித்துவிட்டு, அடுப்பங்கரைக்கு அருகில் கொண்டுபோய் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி இறுக மூடிய இரண்டு புட்டிகளைக் குவியலின் நடுவே புதைத்து, மேலும் சுற்றிலும் உலர்ந்த கோணிப்பைகளால் போர்த்துங்கள். குவியல் 20 முதல் 25 டிகிரிக்குள் நின்றால் போதுமானது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டியை மாற்றும்போதே அடிவரை கிளறிவிடலாம். அக்கம்பக்கத்தில் யாரேனும் நன்றாக நொதித்த கொட்டையை அன்று கழுவினால், அதிலிருந்து வடிந்த பழுப்பு நீரில் ஒரு சொம்பு வாங்கிக் கலப்பது உறைமோர் இடுவதைப் போல வேலை செய்யும். தயிரையே கலக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. காப்பியில் அந்த வாடை தங்கிவிடக்கூடும் என்பதால் நான் அதற்கு உடன்படுவதில்லை.

வெப்பம் இருந்தும் அசையவில்லையென்றால், டிரம்மைப் பிளீச்சிங் பவுடராலோ சோப்பாலோ கழுவிச் சரியாக அலசாமல் விட்டீர்களா, குளோரின் நெடியடிக்கும் குழாய்நீரைப் பயன்படுத்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியானால் ஊற்றுநீரிலோ கிணற்றுநீரிலோ ஒருமுறை அலசி, நீரை வடித்து, மீண்டும் தொடங்கலாம்.

காய் கலந்திருந்தால் மட்டும் மருந்தில்லை. பச்சைக்காயிலும் அரைப்பழத்திலும் பசை சரியாக உருவாகியிருக்காது. பல்ப்பரில் தோலும் முழுதாக நீங்காது. எத்தனை மணி நேரம் காத்தாலும் அந்தக் கொட்டை கழுவும் பக்குவத்துக்கு வராது, அதற்காகக் காத்திருக்கும்போது நல்ல கொட்டை கெட்டுவிடும். அவற்றைப் பொறுக்கி எடுத்துத் தனியே உலர்த்துவதே ஒரே வழி.

எவ்வளவு காத்திருக்கலாம் என்பதை மூக்கு சொல்லும். பழப்புளிப்பும் இலேசான கள் மணமும் இருக்கும்வரை கவலையில்லை. வினிகர் நெடி தொடங்கினால் அந்த நிமிடமே கழுவிவிட வேண்டும். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் கையிலிருந்தால், 4.5-க்கு இறங்கியதும் மணிக்கொரு முறை கையால் தேய்த்துப் பாருங்கள். 4-ஐ நெருங்கியும் வழுக்கினால் காத்திருக்க வேண்டாம். கரடுமுரடான சிமெண்டுத் தரையில் கொட்டி, சிறிது நீர் விட்டு, பாதத்தாலோ மரப்பலகையாலோ தேய்த்தால் மிச்சப்பசை போய்விடும்.

கழுவிய நீரை ஓடையில் விடாதீர்கள். அதன் புளிப்பும் சர்க்கரையும் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், கீழே அதே நீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து ஓரமாகக் குழி வெட்டி அதில் விடுங்கள். கழுவிய கொட்டையை அன்றே வலைத்தட்டில் நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, மாலையில் பனி இறங்குமுன் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும்.