தேயிலைத் தோட்டத்துல கேன்சருக்கு யார, எப்ப, எப்படி செக் பண்றது

உலகக் கணக்குல ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்றது நுரையீரல் கேன்சர், நம்ம இலங்கையில ஆம்பளைங்களுக்கு முதல்ல நிக்கிறது வாய் கேன்சர், பொம்பளைங்களுக்கு மார்பு. ஆனா லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்கள்ல) அப்பாயி, அம்மாயின்னு எல்லாருமே வெத்தல போடுறாங்க, அதனால வாய பாக்குறப்ப ஆம்பள பொம்பளன்னு பிரிக்காதீங்க.

வாய கொப்புளிச்சி கறைய எடுத்துட்டு, பொய்ப்பல்லு இருந்தா கழட்டிட்டு, வாசல் வெளிச்சத்துல உக்கார வைங்க. உதட்டுக்குள்ள, ரெண்டு கன்னம், நாக்குக்கு அடி, நாக்கோட ரெண்டு ஓரம் எல்லாத்தையும் பாருங்க, வெத்தலய அடக்கி வைக்கிற பக்கத்த மட்டும் இன்னும் நல்லா பாருங்க. வெள்ளையாவோ செவப்பாவோ திட்டு, 2 கெழமையாகியும் ஆறாத புண்ணு இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும், வலி இல்லன்னு விட்டுறாதீங்க. அப்புறம் அவங்க மூணு வெரல ஒண்ணுக்கு மேல ஒண்ணா வச்சி வாய்க்குள்ள விடச் சொல்லுங்க, போகலன்னா, இல்ல கறி ஒறைப்பு பட்டாலே எரியுதுன்னா அதுவும் காட்ட வேண்டியதுதான். "நான் பொகயில போடலயே, வெறும் பாக்குதானே"ன்னு கட்டாயம் சொல்லுவாங்க. பாக்கு தனியாவே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் 2004லயே சொல்லிருச்சு.

35, 45 வயசு பொம்பளைங்கள சுகவனிதையர் கிளினிக்குக்கு அனுப்புங்க, காசு இல்ல, கர்ப்பப்பை வாய், மார்பு ரெண்டையும் பாப்பாங்க. வெக்கத்த விட பெரிய தடை கிளினிக் போற அன்னைக்கு பேரு, அதாவது நாள் சம்பளம், போயிரும்ங்குறதுதான் (இத தோட்டத்த நடத்துற தொர மனசு வச்சா ஒரே நாள்ல சரி பண்ணலாம்). அதனால மிட்வைஃப்கிட்ட முன்கூட்டியே தேதி கேட்டு, மாதவிடாய் நாளா இல்லாம பாத்து, கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிட்டு நாலஞ்சு பேரா சேந்து போங்க. 6ஆம் வகுப்பு பொம்பளப் புள்ளைங்களுக்கு 2017ல இருந்து ஸ்கூல்ல கர்ப்பப்பை வாய் கேன்சர தடுக்குற எச்பிவி ஊசி போடுறாங்க, ரெண்டாவது ஊசி ஆறு மாசம் கழிச்சி, அன்னைக்கு புள்ளய வீட்டுல நிறுத்திறாதீங்க.

மார்புல கட்டி, தோல் குழி விழறது, காம்புல ரத்தம் இருந்தா கிளினிக் தேதிக்கு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க. ரொம்ப முன்னேறின நாடுகள்ல 12 பொம்பளைல ஒருத்தருக்கு மார்பு கேன்சர் வருது, 71ல ஒருத்தர்தான் சாகுறாங்க. ரொம்ப பின்தங்கின நாடுகள்ல 27ல ஒருத்தருக்குத்தான் வருது, ஆனா 48ல ஒருத்தர் சாகுறாங்க, லேட்டா கண்டுபுடிக்கிறதும் வைத்தியம் சரியா கெடைக்காததும்தான் காரணம். எடுத்ததுமே மஹரகமை தேசிய கேன்சர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறணும்னு இல்ல, கண்டி, பதுளை பெரியாஸ்பத்திரிகள்லயும் கேன்சர் பிரிவு இருக்கு. போறப்ப பழைய கிளினிக் கொப்பி, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் ஒரே பைல போட்டு கொண்டு போங்க.